தையல் பிரித்த பிறகும் கணக்கு வேண்டும்

தேனி மாவட்டத்துத் தேவாரம் என்ற ஊரின் பெயர் வெளியூர்ப் பத்திரிகைகளில் அதிகம் அடிபட்டது நியூட்ரினோ ஆய்வகத்தால்தான். பக்கத்துப் பொட்டிப்புரத்தில் மலையைக் குடைந்து, அநேகமாக எதிலும் மோதாமல் ஊடுருவிப் போகிற ஒரு நுண்துகளைப் பிடித்து எண்ணுவதற்கு 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. ஊர் எதிர்த்தது, வழக்கு நடந்தது, மாநில அரசும் வேண்டாம் என்றது. அந்த வழக்குக்குள் இப்போது போகவில்லை. கண்ணுக்குத் தெரியாத இன்னொன்று இதே ஊர்க்காரர்களின் உடம்புக்குள் நுழைந்துகொண்டிருக்கிறது. அதை எண்ண மலையைக் குடைய வேண்டாம். ஒரு பதிவேடு, ஒரு நுண்ணுயிரியல் ஆய்வகம், அதற்கென்றே பொறுப்புக் கொடுக்கப்பட்ட ஒரு செவிலியர், இவை போதும். அந்தக் கணக்கைத்தான் நாம் ஊர்மட்டத்தில் இன்னும் எடுக்கத் தொடங்கவில்லை.

மருத்துவமனைக்குள் பிடிக்கிற தொற்றைச் சொல்கிறேன். நோயாளி வரும்போது அவரிடம் இல்லாதது, சேர்ந்து 48 மணி நேரம் கழிந்த பிறகு தலைகாட்டுவது. சிறுநீர்க் குழாய் வழியாக, கழுத்து நரம்பில் போட்ட ஊசி வழியாக, செயற்கைச் சுவாசக் குழாய் வழியாக, அறுத்துத் தைத்த இடத்தின் வழியாக ஏறுவது. வீட்டில் வரும் தொற்றைவிட இது மோசமானது, ஏனென்றால் மருத்துவமனையில் குடியிருக்கும் கிருமி பல மருந்துகளைப் பார்த்துப் பழகிய கிருமி. மருந்துக்கு மசியாத அந்தக் கிருமியைப் பற்றி மாநகரங்களில் கருத்தரங்குகள் நடக்கின்றன. அடிவாரத்து ஊரில் அது எப்படி வருகிறது என்பதை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை.

தேவாரம், கோம்பை, பண்ணைப்புரம், போடி, கம்பம் என்று இந்த அடிவாரம் முழுக்க விடிவதற்கு முன்பே ஜீப்புகள் கிளம்பிவிடும். ஏலத்தோட்ட வேலைக்கு மலை ஏறுகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளையோ கம்பம்மெட்டுச் சாலையையோ சுற்றிக்கொண்டு கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் உடும்பன்சோலை, பூப்பாறை, நெடுங்கண்டம் பக்கத்துத் தோட்டங்களுக்குப் போய், காய் எடுத்து, கவாத்துப் பார்த்து, அந்தி சாயும்போது இறங்குவார்கள். சாக்கலூத்து மெட்டுக்கு நேர்ச்சாலை போட்டுத் தாருங்கள் என்று தேவாரத்துக்காரர்கள் கேட்டுக் கேட்டு ஒரு தலைமுறை போய்விட்டது. ஜீப் கவிழ்வது இங்கே அபூர்வச் செய்தி அல்ல. கால் முறிந்தால் உள்ளே ராடு வைப்பார்கள். அதே குடும்பத்தில் ஒரு பெண்ணுக்குப் பிரசவம் என்றால், தமிழ்நாட்டில் இன்று கிட்டத்தட்ட இரண்டில் ஒன்று சிசேரியன்: 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி நூற்றுக்கு 45. ஆக, இந்த ஊர்களில் வயிற்றிலோ காலிலோ தையல் இல்லாத வீடு குறைவு.

தையல் போட்டு ஐந்தாம் நாளோ ஏழாம் நாளோ வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். வார்டில் படுக்கை வேண்டும், அதனால் அனுப்புவதில் தவறில்லை. எட்டாம் நாளோ பத்தாம் நாளோ தையல் போட்ட இடம் சிவந்து, கனத்து, சீழ் கோக்கிறது. அப்போது அந்தப் பெண் என்ன செய்வார்? மறுபடி பெரியாஸ்பத்திரிக்குப் போக ஒரு நாள் கூலியும், துணைக்கு வருபவரின் ஒரு நாள் கூலியும் போகும். தேவாரத்திலிருந்து போடி, போடியிலிருந்து தேனி, தேனியிலிருந்து மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கும் க.விலக்கு என்று மூன்று பேருந்து மாற வேண்டியிருக்கும். அதனால் பக்கத்து மெடிக்கலில் “செப்டிக் ஆயிருச்சு, மாத்திரை குடுங்க” என்று கேட்டு மூன்று நாளைக்கு வாங்கிப் போடுவார். ஆறவில்லை என்றால் உள்ளூர் கிளினிக்கில் ஊசி. அதிலும் ஆறவில்லை என்றால்தான் மறுபடி பெரியாஸ்பத்திரி. ஆறிவிட்டால் நல்லது, ஆனால் அந்தத் தொற்று எங்கும் பதிவாகாது. ஆறாமல் வேறொரு மருத்துவமனைக்குப் போனால், அங்கே “சேரும்போதே இருந்த தொற்று” என்று எழுதுவார்கள். முதல் மருத்துவமனையின் ஏட்டில் அவர் குணமாகி வீடு திரும்பியவர். இரண்டாவது மருத்துவமனையின் ஏட்டில் அவர் வெளியிலிருந்து தொற்றோடு வந்தவர். இரண்டு ஏட்டிலும் பொய் இல்லை, இரண்டு ஏட்டுக்கும் நடுவில் தொற்று காணாமல் போய்விடுகிறது.

உலகெங்கும் அறுவைசிகிச்சைத் தொற்றைக் கணக்கிடும் விதி எளிமையானது. அறுவை நடந்த நாளிலிருந்து 30 நாள் வரை அந்த இடத்தில் தொற்று வந்தால் அது அறுவை செய்த மருத்துவமனையின் கணக்கு. ராடு, தகடு, செயற்கை மூட்டு என்று உள்ளே ஏதாவது வைத்திருந்தால் 90 நாள். அதாவது நோயாளி வீட்டுக்குப் போன பிறகுதான் கணக்கின் பெரும்பகுதி இருக்கிறது. வார்டுக்குள் மட்டும் எண்ணுகிற மருத்துவமனை தன் தொற்றில் ஒரு சிறு துண்டைத்தான் பார்க்கிறது.

நாட்டில் கணக்கே இல்லை என்று சொல்ல மாட்டேன். மருந்து எதிர்ப்பைக் கண்காணிக்க இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2013-ல் தொடங்கிய வலையமைப்பு ஆண்டுதோறும் அறிக்கை தருகிறது, வேலூர் சி.எம்.சி.யும் புதுச்சேரி ஜிப்மரும் அதன் முக்கிய மையங்கள். அந்த அறிக்கைகளில் ஒரு எண் என்னை விடாமல் தொந்தரவு செய்கிறது. கிளெப்சியெல்லா என்ற கிருமி இமிபெனம் என்ற வலுவான மருந்துக்குக் கட்டுப்படும் விகிதம் 2016-ல் 65 சதவீதமாக இருந்தது, 2021-ல் 43-க்கு வந்துவிட்டது. ஐந்தே ஆண்டுகள். இமிபெனமும் மெரோபெனமும் சாதாரண மருந்துகள் அல்ல, மற்றவை தோற்ற பிறகு எடுக்கும் மருந்துகள். அவையும் தோற்றால் கொலிஸ்டின் போன்ற, சிறுநீரகத்தைப் பதம்பார்க்கும் பழைய மருந்துகள்தான் மிச்சம். அதனால்தான் 2019-ல் கோழி, கால்நடைத் தீவனத்தில் கொலிஸ்டினைக் கலப்பதை மத்திய அரசு தடை செய்தது.

டெல்லி எய்ம்ஸ் தலைமையில் இன்னொரு வலையமைப்பு மருத்துவமனைத் தொற்றை மட்டும் எண்ணியது. 2017-18-ல் 26 மருத்துவமனைகளின் 89 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 2,622 ரத்தத் தொற்றுகளும் 737 சிறுநீர்த் தொற்றுகளும் பதிவாயின. ரத்தத் தொற்று வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானவர்கள் 14 நாட்களுக்குள் இறந்திருந்தார்கள். ஏற்கெனவே கவலைக்கிடமானவர்கள் அவர்கள், எல்லா இறப்பையும் தொற்றின் தலையில் கட்டக் கூடாது. ஆனால் கொரோனாக் காலத்தில் 10 மருத்துவமனைகளில் சேர்ந்த 17,534 பேரைப் பார்த்த ஆய்வு இன்னும் தெளிவாகக் காட்டியது: பிற்பாடு பாக்டீரியா அல்லது பூஞ்சைத் தொற்று ஏறியவர்கள் 3.6 சதவீதம்தான், அவர்களில் இறந்தவர்களோ 56.7 சதவீதம். ஒரு நோய்க்குப் படுத்தவர் இன்னொன்றால் போவது என்பது வெறும் பேச்சு அல்ல.

இந்த எண்கள் எல்லாம் பெரிய ஆய்வகம் உள்ள பெரிய மருத்துவமனைகளின் எண்கள். உத்தமபாளையத்திலோ போடியிலோ சின்னமனூரிலோ குடல்வால் அறுத்துக்கொண்டவரின் கதை அதில் இல்லை. தேசிய அறிக்கையில் ஒரு சதவீதமாக வருவது தேவாரத்துக்காரருக்கு எந்த விதத்திலும் பயன்படாது. அவர் சேரப்போகும் வார்டில் போன ஆறு மாதத்தில் எத்தனை பேருக்குத் தையல் பிரிந்து சீழ் வைத்தது என்பதுதான் அவருக்கு வேண்டிய எண். மருத்துவமனைச் சுவரில் பார்வை நேரம் எழுதியிருக்கிறது, லஞ்சம் கொடுக்காதீர்கள் என்று எழுதியிருக்கிறது, அந்த எண்ணை எழுதும் வழக்கம் நம்மிடம் இல்லை.

குரங்கணியை இந்தப் பக்கத்து மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2018 மார்ச் 11 அன்று மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கினார்கள். சம்பவ இடத்தில் இறந்தவர்களோடு நிற்காமல், போடியிலும் தேனியிலும் மதுரையிலும் மற்ற இடங்களிலும் சேர்க்கப்பட்டவர்கள் அடுத்தடுத்த நாட்களில், வாரங்களில் ஒவ்வொருவராகப் போய், இறந்தோர் எண்ணிக்கை 20-ஐத் தாண்டியது. உடலில் பெரும்பகுதி வெந்தவரைப் பிழைக்க வைப்பது எவ்வளவு சிறந்த மருத்துவமனைக்கும் கடினம். அவர்கள் எதனால் இறந்தார்கள் என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. தீக்காய வார்டைப் பற்றி மருத்துவர் எவரைக் கேட்டாலும் ஒன்றைச் சொல்வார்: தோல் போய்விட்டால் உடம்புக்குக் கதவே இல்லை, முதல் சில நாட்களைத் தாண்டியவரை அச்சுறுத்துவது சூடோமோனாஸ், அசினெட்டோபாக்டர் போன்ற கிருமிகள்தான். அப்படி ஒரு விபத்து இந்த மலையில் மறுபடி நடந்தால், எந்த வார்டில் எந்தக் கிருமி எந்த மருந்துக்குக் கட்டுப்படுகிறது என்ற பட்டியல் அன்றிரவே மருத்துவரின் கையில் இருக்க வேண்டும். அந்தப் பட்டியலுக்குத்தான் ஆன்டிபயோகிராம் என்று பெயர். அதை அவசரத்தில் தயாரிக்க முடியாது, கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கும் ‘கல்ச்சர்’ சோதனையின் மாதக்கணக்கான முடிவுகளிலிருந்துதான் அது உருவாகும்.

எண்ணுவது எப்படி என்று கொஞ்சம் விளக்கினால்தான் எண்ணாமல் இருப்பதன் விபரீதம் புரியும். தீவிர சிகிச்சைப் பிரிவில் தினமும் ஒரே நேரத்தில் ஒரு செவிலியர் சுற்றி வருவார். இன்று எத்தனை பேருக்குச் சிறுநீர்க் குழாய், எத்தனை பேருக்குக் கழுத்து நரம்பு ஊசி, எத்தனை பேர் வென்டிலேட்டரில் என்று குறிப்பார். இருபது பேருக்குக் குழாய் இருந்தால் அன்றைக்கு இருபது குழாய்-நாள். ஒரு மாதத்தில் 500 குழாய்-நாள் சேர்ந்து, அதில் மூன்று பேருக்குத் தொற்று வந்தால், ஆயிரத்துக்கு ஆறு. இந்த ஆறு என்ற எண் அடுத்த மாதம் நான்கானதா பத்தானதா என்று பார்ப்பதுதான் கண்காணிப்பு. வெறுமனே “மூன்று பேருக்கு வந்தது” என்று சொன்னால் ஒன்றும் புரியாது. பத்துப் பேரில் மூன்றா, ஆயிரம் பேரில் மூன்றா? மேலே உள்ள எண்ணைவிடக் கீழே உள்ள எண்ணை எடுப்பதுதான் சலிப்பான வேலை, நோயாளிக்கு ஊசி போடுவதா கட்டம் நிரப்புவதா என்று வரும்போது முதலில் கைவிடப்படுவதும் அதுதான்.

அடுத்தது கல்ச்சர். காய்ச்சல் வந்ததும், புது ஆன்டிபயாட்டிக் ஏற்றுவதற்கு முன்னால், இரண்டு இடத்திலிருந்து ரத்தம் எடுத்து பாட்டிலில் விட்டு ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும். பல இடங்களில் நடப்பது தலைகீழ்: முதலில் “ஹெவி டோஸ்” ஏற்றிவிடுகிறார்கள், இறங்கவில்லை என்றால் கல்ச்சர் பார்க்கிறார்கள். அதற்குள் மருந்து ரத்தத்தில் கலந்திருப்பதால் கிருமி வளர்வதில்லை. “நோ குரோத்” என்று முடிவு வருகிறது. தொற்று இல்லை என்று அது ஏட்டில் ஏறுகிறது.

இங்கேதான் பெரிய ஆபத்து இருக்கிறது. கல்ச்சரே அனுப்பாத மருத்துவமனையின் தொற்று விகிதம் பூஜ்யம். ஒழுங்காக அனுப்பி, ஒழுங்காக எண்ணி, உண்மையை எழுதும் மருத்துவமனையின் விகிதம் ஆறு, எட்டு, பன்னிரண்டு. இரண்டையும் அருகருகே வைத்து, கூடுதல் எண் காட்டியவரைக் கூப்பிட்டு விளக்கம் கேட்டு மெமோ கொடுத்தால் அடுத்த மாதம் எல்லா மருத்துவமனையும் பூஜ்யம் காட்டும். ஆகவே வெளியிட வேண்டிய முதல் எண் தொற்று விகிதம்கூட அல்ல. நூறு நோயாளிக்கு எத்தனை கல்ச்சர் அனுப்பினீர்கள் என்பதுதான். அது குறைவாக இருந்தால் பூஜ்யத்தை நம்பாதீர்கள் என்று மக்களுக்குச் சொல்ல வேண்டும்.

எண்ணுகிறவரைக் குற்றவாளியாக்கும் பழக்கம் நமக்குப் புதிதல்ல, அதன் பெரிய உதாரணம் தமிழ்நாட்டில்தான் நடந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் உள்ள டாக்டர் ஏ.எல்.எம். முதுநிலை அடிப்படை மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்தார் கார்த்திகேயன் குமாரசாமி. பிரிட்டனின் கார்டிஃப் பல்கலைக்கழகத்தின் டிமோத்தி வால்ஷ் முதலானோருடன் சேர்ந்து அவர் முதல் ஆசிரியராக எழுதிய கட்டுரை 2010 ஆகஸ்டில் லான்செட் தொற்றுநோய் இதழில் வந்தது. கார்பபெனம் வகை மருந்துகளைச் செயலிழக்கச் செய்யும் என்.டி.எம்.-1 என்ற நொதியைக் கொண்ட கிருமிகள் சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37, இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் மற்ற இடங்களில் 73 என்று அது பட்டியலிட்டது. நொதியின் பெயரில் புதுடெல்லி இருந்தது. டெல்லியில் சிகிச்சை பெற்ற ஒரு ஸ்வீடன் நோயாளியிடம் அது முதலில் கண்டறியப்பட்டதால் அந்தப் பெயர்.

நாடு கொதித்தது கிருமிக்காக அல்ல, பெயருக்காக. மருத்துவச் சுற்றுலாவைக் கெடுக்கும் சதி என்று நாடாளுமன்றத்தில் குரல் எழுந்தது. சுகாதார அமைச்சகம் மறுப்பு வெளியிட்டது. ஊர்ப் பெயரை ஒரு கிருமிக்கு வைப்பது மனதைப் புண்படுத்தும் என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன், அந்த வருத்தம் நியாயமே. ஆனால் அந்தக் கோபத்தில் ஒரு பங்காவது கட்டுரை சொன்ன விஷயத்தின் மீது திரும்பியிருந்தால், சென்னையின் அந்த 44 கிருமிகள் எந்த வார்டுகளிலிருந்து வந்தன, அங்கே என்ன மாற்ற வேண்டும் என்று கேட்டிருந்தால், பத்தாண்டு முன்னேறியிருப்போம். நல்ல விளைவும் ஒன்று உண்டு. 2012 ஆகஸ்ட் 24 அன்று சென்னையில் பல மருத்துவச் சங்கங்கள் ஒன்றுகூடி, மருத்துவர் அப்துல் கஃபூரின் முன்முயற்சியில் ‘சென்னைப் பிரகடனம்’ வெளியிட்டன. எடுத்த எடுப்பிலேயே எல்லாவற்றையும் தடை செய்யாமல் படிப்படியாகக் கட்டுப்படுத்தலாம் என்ற அதன் நடைமுறைப் பார்வை அரசை அசைத்தது. 2014 மார்ச் 1 முதல் எச்-1 அட்டவணை வந்தது. அந்த அட்டவணையில் உள்ள ஆன்டிபயாட்டிக்கை விற்கும் மெடிக்கல்காரர் மருத்துவர் பெயர், நோயாளி பெயர், மருந்தின் அளவு எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். அந்தப் பதிவேடு எத்தனை கடையில் உண்மையாக நிரப்பப்படுகிறது என்பதை மருந்துச் சீட்டு இல்லாமல் மாத்திரை வாங்கிய ஒவ்வொருவரும் அறிவார்.

எண்ணுவதால் மட்டும் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். ஆகும். அமெரிக்காவில் 1970களில் பல மருத்துவமனைகளை ஒப்பிட்டு நடத்திய நீண்ட ஆய்வு, கண்காணிப்பும் அதற்கென்று பயிற்சி பெற்ற ஆளும் இருந்த இடங்களில் தொற்று மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்தது என்று காட்டியது. எதுவும் செய்யாத இடங்களில் அது கூடிக்கொண்டே போனது. 250 படுக்கைக்கு ஒரு தொற்றுக் கட்டுப்பாட்டுச் செவிலியர் என்ற கணக்கு அந்த ஆய்விலிருந்துதான் வந்தது. இங்கிலாந்து 2001-ல் எம்.ஆர்.எஸ்.ஏ. என்ற எதிர்ப்புக் கிருமியால் வரும் ரத்தத் தொற்றை ஒவ்வொரு மருத்துவமனையும் கட்டாயம் அறிவிக்க வேண்டும் என்றது. 2004-ல், 2008-க்குள் பாதியாக்குவோம் என்று இலக்கு வைத்தது, பாதிக்கும் கீழே கொண்டுவந்தது. மிச்சிகன் மாநிலத்தில் கழுத்து நரம்பு ஊசி போடும்போது கை கழுவுவது, தோலைக் குளோர்ஹெக்சிடினால் துடைப்பது, முழுத் துணி போர்த்துவது, தொடை நரம்பைத் தவிர்ப்பது, தேவையில்லாத ஊசியை உடனே எடுப்பது என்ற ஐந்தே செயல்களைத் தவறாமல் செய்து, ஒவ்வொரு மாதமும் எண்ணியதில் ரத்தத் தொற்று மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது. 2006-ல் அது வெளிவந்தபோது அதில் புதிய மருந்து எதுவும் இல்லை.

வெளிநாட்டு உதாரணம் வேண்டாம் என்பவர்களுக்கு நம்முடையதையே சொல்கிறேன். இந்த இடத்தில் தமிழ்நாடு யாரிடமும் பாடம் கேட்க வேண்டியதில்லை. பிரசவத்தில் தாய் இறந்தால் அதை 24 மணி நேரத்துக்குள் மேலிடத்துக்குச் சொல்ல வேண்டும், யார் யார் பார்த்தார்கள், ஆம்புலன்ஸ் எப்போது வந்தது, ரத்தம் எப்போது கிடைத்தது என்று ஒவ்வொரு மணி நேரத்தையும் எழுத வேண்டும், இறந்தவரின் வீட்டாரிடமும் கேட்க வேண்டும், மாவட்ட ஆட்சியர் முன் அது பேசப்பட வேண்டும் என்ற முறையை 1990களில் தொடங்கி வளர்த்தெடுத்த மாநிலம் இது. தொடக்கத்தில் எண்ணிக்கை ஏறியது, ஏனென்றால் மறைந்திருந்த இறப்புகள் வெளியே வந்தன. பதறிப்போய் நிறுத்திவிடவில்லை. லட்சம் பிரசவத்துக்கு 2004-06-ல் 111 ஆக இருந்த தாய் இறப்பு 2018-20-ல் 54-க்கு வந்தது. ரத்த வங்கி, 108 ஆம்புலன்ஸ், இருபத்து நான்கு மணி நேரப் பிரசவ நிலையம் எல்லாம் சேர்ந்துதான் இதைச் செய்தன, ஆனால் எங்கே ரத்த வங்கி வேண்டும், எங்கே மயக்க மருத்துவர் இல்லை என்பதைக் காட்டிக்கொடுத்தது அந்தக் கணக்குதான்.

ஒரு தாய் இறந்தால் கேள்வி கேட்கும் அமைப்பு, அவர் இறக்காமல் தையல் பிரிந்து நாற்பது நாள் சீழோடு கிடந்தால் கேட்பதில்லை. தமிழ்நாட்டில் ஒவ்வொரு கர்ப்பிணியும் பிக்மி என்ற பதிவு எண்ணோடு கணினியில் இருக்கிறார். பிரசவித்த பிறகு கிராம சுகாதாரச் செவிலியர் வீட்டுக்கு வந்து பார்ப்பதும் நடைமுறையில் இருக்கிறது. குழந்தையின் எடையைப் பார்க்கிறார், தாய்ப்பால் கொடுக்கிறாயா என்று கேட்கிறார். அந்தப் பட்டியலில் ஒரு கேள்வியைச் சேர்த்தால் போதும்: தையல் போட்ட இடத்தில் சீழோ காய்ச்சலோ வந்ததா, அதற்கு எங்கே என்ன மருந்து வாங்கினாய்? முப்பதாம் நாள் வரை இரண்டு முறை கேட்டால் தேனி மாவட்டத்தில் சிசேரியன் நடக்கும் ஒவ்வொரு மருத்துவமனையின் உண்மையான தொற்று விகிதம் ஆறு மாதத்தில் கையில் இருக்கும். அரசு மருத்துவமனை மட்டுமல்ல, தனியாரும் அதில் வந்துவிடுவார்கள். தனியார் மருத்துவமனைகளில் நூற்றுக்கு 60-க்கும் மேல் சிசேரியன் நடக்கும் மாநிலத்தில் அவர்களை விட்டுவிட்டு எடுக்கும் கணக்கு கணக்கே அல்ல.

ராடு வைத்தவர்களுக்கும் குடலிறக்க அறுவை செய்துகொண்டவர்களுக்கும் இதே வழி உண்டு. 2021 ஆகஸ்டிலிருந்து ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியர்கள் சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் வீடு வீடாக மாத்திரை கொண்டுபோகிறார்கள், அவர்களே இந்தக் கேள்வியையும் கேட்கலாம். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் எந்தத் தேதியில் யாருக்கு என்ன அறுவை என்பது ஏற்கெனவே பதிவாகிறது. 30 நாளுக்குள், ராடு வைத்தவரானால் 90 நாளுக்குள், அதே நபர் அதே இடத்துக்காக மறுபடி சேர்ந்தால் கணினியே சிவப்புக் குறி போடலாம். காப்பீட்டுப் பணம் வாங்கும் தனியார் மருத்துவமனை தொற்றுக் கணக்கையும் தர வேண்டும் என்று ஒரு நிபந்தனை வைப்பதற்குப் புதிய சட்டம்கூட வேண்டாம். நாட்டுக்கே முன்மாதிரி என்று பெயரெடுத்த தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் மருந்துக் கிடங்கில் எந்த மருத்துவமனைக்கு எத்தனை மெரோபெனம் ஊசி போனது என்பது இருக்கிறது. தகவல் நம்மிடம் குறைவாக இல்லை. தகவலை ஒன்றோடொன்று கோக்கும் ஆள்தான் இல்லை.

செவிலியர்கள் இதைக் கேட்டால் முகம் சுளிப்பார்கள், அதற்குக் காரணமும் இருக்கிறது. ஏற்கெனவே பத்துப் பதிவேடு எழுதுகிறோம், ஒரு ஆள் நாற்பது படுக்கையைப் பார்க்கிறோம், இதில் பதினொன்றாவதா என்பார்கள். அவர்கள் சொல்வது சரி. மேலிருந்து ஒரு படிவத்தை இறக்கிவிட்டு அதைக் கண்காணிப்பு என்று அழைத்தால் அது மோசடி. கட்டம் நிரப்பப்படும், தொற்று குறையாது. தொற்றுக் கட்டுப்பாட்டுக்கென்று முழுநேரச் செவிலியர் பணியிடம் வேண்டும், அவரை வேறு வார்டுக்கு மாற்றி அனுப்பக் கூடாது. தாலுகா மருத்துவமனையில் எடுக்கும் சீழும் ரத்தமும் அன்றே தேனி மருத்துவக் கல்லூரியின் ஆய்வகத்துக்குப் போய்ச் சேர ஒரு வண்டி வேண்டும். காசநோய்க்குச் சளி மாதிரியை ஊர் ஊராகச் சேகரித்துக் கொண்டுபோகத் தெரிந்த துறைக்கு இது முடியாத வேலை அல்ல. முடிவு மருத்துவரின் கைபேசிக்குத் திரும்பி வர வேண்டும். கல்ச்சர் அனுப்பினால் பயன் இருக்கிறது என்று மருத்துவர் ஒருமுறை கண்டுவிட்டால் பிறகு அவரே அனுப்புவார்.

நோயாளியைக் குறை சொல்லும் பேச்சையும் இங்கே மறுக்க வேண்டும். மாத்திரையைப் பாதியில் நிறுத்துகிறார்கள், மெடிக்கலில் தாமாக வாங்குகிறார்கள் என்று கூலிக்காரர்களைப் பார்த்து உபதேசம் செய்வது சுலபம். ஒரு நாள் மலைக்குப் போகாவிட்டால் அடுப்பு எரியாத வீட்டில், காத்திருக்கும் நேரம்தான் மிக விலையுயர்ந்த மருந்து. அதுமட்டுமல்ல, மருத்துவமனைக்குள் பிடித்த கிருமிக்கு வெளியே வாங்கும் மாத்திரை பெரும்பாலும் வேலை செய்யாது. அவர் பாதியில் நிறுத்தியதால் வந்ததல்ல அந்த எதிர்ப்பு. அது வரும்போதே எதிர்ப்போடு வந்தது.

மலையின் அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். கேரளம் 2018-லேயே மாநில அளவில் ஆன்டிபயாட்டிக் எதிர்ப்புச் செயல்திட்டத்தை வெளியிட்டது. இந்தியாவில் முதல் மாநிலம் அதுதான். மாநிலம் முழுமைக்குமான ஆன்டிபயோகிராமைப் பொதுவெளியில் வைத்தது. 2024 ஜனவரியில் ‘ஆபரேஷன் அம்ரித்’ என்ற பெயரில் மருந்துச் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாட்டிக் விற்கும் கடைகளைத் திடீர்ச் சோதனை செய்யத் தொடங்கியது. இடுக்கியில் சீட்டில்லாமல் கிடைக்காத மாத்திரை ஜீப்பில் ஒரு மணி நேரம் இறங்கினால் கிடைக்கும் என்றால், அந்தக் கட்டுப்பாட்டின் பலன் மலை உச்சியோடு நின்றுவிடும். இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. தோட்டத்தில் அடிபட்டவரை நெடுங்கண்டத்திலோ கட்டப்பனையிலோ சேர்ப்பார்கள், பெரிய காயம் என்றால் கோட்டயம் மருத்துவக் கல்லூரி, பிறகு வீட்டுப் பக்கம் இருக்கட்டும் என்று தேனிக்கோ மதுரைக்கோ கொண்டுவருவார்கள். அவரோடு மூன்று மருத்துவமனைகளின் கிருமிகளும் பயணம் செய்கின்றன, கல்ச்சர் முடிவு மட்டும் பயணம் செய்வதில்லை. கையில் இருப்பது மலையாளத்தில் குறிப்பு எழுதிய ஒரு டிஸ்சார்ஜ் சீட்டு. புதிய வார்டில் அவரைப் பக்கத்துப் படுக்கைக்காரரிடமிருந்து தள்ளி வைக்க வேண்டுமா, எந்த மருந்தில் தொடங்க வேண்டும் என்பதெல்லாம் ஊகத்தில் நடக்கிறது.

2019-ல் இந்தியாவில் எதிர்ப்புக் கிருமிகளே நேரடிக் காரணமாக இறந்தவர்கள் சுமார் 2 லட்சத்து 97 ஆயிரம் பேர் என்பது லான்செட் இதழில் வந்த உலகளாவிய மதிப்பீடு. அது கணித முறையில் எட்டிய மதிப்பீடு, எண்ணிப் பார்த்த எண் அல்ல. எண்ணிப் பார்க்கும் வேலை மாவட்டத்தில்தான் நடக்க வேண்டும், தேனி அதற்குப் பொருத்தமான மாவட்டம். ஒரு மருத்துவக் கல்லூரி, பெரியகுளத்தில் ஒரு தலைமை மருத்துவமனை, விரல்விட்டு எண்ணக்கூடிய தாலுகா மருத்துவமனைகள், எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த அளவு. முதல் ஆண்டு சிசேரியனை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். மாதாமாதம் தாய் இறப்பைப் பேச ஆட்சியர் கூட்டும் அதே கூட்டத்தில் பத்து நிமிடம் ஒதுக்கி, எந்த மருத்துவமனையில் எத்தனை சிசேரியன், எத்தனை பேரிடம் முப்பதாம் நாள் கேட்கப்பட்டது, எத்தனை பேருக்குத் தொற்று, அதில் எத்தனைக்குக் கல்ச்சர் என்ற நான்கு எண்களை வாசிக்கலாம். எண் கூடினால் தண்டனை இல்லை, எண்ணை மறைத்தால் உண்டு என்று முதல் கூட்டத்திலேயே எழுத்தில் தர வேண்டும். ஆறு மாதம் கழித்து அந்த எண்களை மருத்துவமனை வாசலில் தமிழில் எழுதிப் போட வேண்டும்.

எல்லை தாண்டும் நோயாளிக்கும் வழி இருக்கிறது. சித்திரா பௌர்ணமிக்கு மங்கலதேவி கண்ணகி கோயில் விழா நடத்த தேனி, இடுக்கி மாவட்ட நிர்வாகங்கள் ஒவ்வோர் ஆண்டும் சேர்ந்து உட்கார்ந்து பேசுகின்றன. எத்தனை ஜீப் விடலாம், எங்கே குடிநீர் வைக்கலாம், மருத்துவ முகாம் எந்த இடத்தில் என்பது வரை இரு மாநில அதிகாரிகளும் ஒரே மேசையில் முடிவு செய்கிறார்கள். அதே மேசைக்கு இரு பக்கத்து நுண்ணுயிரியல் துறையினரையும் அழைத்து, மலையிலிருந்து இறக்கப்படும் ஒவ்வொரு நோயாளியின் டிஸ்சார்ஜ் சீட்டிலும் கடைசிக் கல்ச்சர் முடிவு, கொடுத்த ஆன்டிபயாட்டிக்கின் பெயர், எத்தனை நாள் கொடுக்கப்பட்டது என்ற மூன்றையும் இரு தரப்பும் படிக்கும்படி ஆங்கிலத்தில் எழுத வேண்டும் என்று ஒரு பக்கத் தீர்மானம் போட்டால், அடுத்த ஏலக்காய்ப் பறிப்புக் காலத்துக்கு முன்பே அதை நடைமுறைக்குக் கொண்டுவரலாம்.